தேக்கில் கம்ப்யூட்டர் கேபினெட் செய்யப் போகிறவர்களுக்கு

போன ஆடி முதல் தேதி வேலையை ஆரம்பித்தேன். ஆடிப்பெருக்குக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முடிந்தது மார்கழியில். கையிலிருந்து போனது 16,950 ரூபாய்; அதில் 5,800 ரூபாய் சுத்தமாக வீண். நடுவில் ஆவணியில் வந்த இரண்டு கல்யாண எடிட்டிங் வேலைகளை வேறொருவருக்குக் கைமாற்றிவிட வேண்டியதாயிற்று. அது தனியாக 22,000 ரூபாய். எனக்குத் தெரிந்த வட்டத்தில் மரத்தில் கேபினெட் செய்தவர் யாரும் இல்லை. ஆசாரிக்கு மரம் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு மரம் தெரியாது. எனக்கு இரண்டுமே அரைகுறை. முன்பே யாராவது உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் எங்கள் வீடு. கல்யாணம், சாந்தி, சடங்கு என்று வீடியோ எடிட்டிங் செய்வதுதான் பிழைப்பு. மெஷின் பெரிய மெஷின் இல்லை: ரைசன் 5 5600 பிராசஸர், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கடையில் நாலாயிரம் ரூபாய்க்கு நல்ல கேபினெட் கிடைக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் என் கட்டிலுக்கு அடியில் ஒரு கதவு இருந்தது. பாகப்பிரிவினைக்குப் பிறகு எங்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டை இடித்தார்கள். தூண், உத்தரம், நிலை எல்லாம் பழஞ்சாமான் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்விட்டன. சாமான் அறையின் ஒற்றைக் கதவை மட்டும் அப்பத்தா கொடுக்க விடவில்லை. பர்மா தேக்கு. உள்பக்கத்தில் நெல் மூட்டைக் கணக்குக்காக யாரோ கத்தியால் போட்ட கீறல்கள் வரிசையாக இருக்கும். ஆறு வருடமாகத் துணி சுற்றிக் கிடந்த அந்தக் கதவுக்கு ஒரு வாழ்வு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கல்யாண சீசன் இல்லாத மாதம் ஆடி. அதனால் அப்போது கையை வைத்தேன்.

முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. நான் மரத்திலிருந்து தொடங்கினேன். கேபினெட் என்றால் ஒரு பெட்டி, பெட்டியைச் செய்துவிட்டு உள்ளே சாமானைப் பொருத்தலாம் என்று நினைத்தேன். உண்மையில் அது நேர்மாறு. மதர்போர்டு, அதைத் தாங்கும் தகடு, பின்பக்கம், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, இவை நான்கும் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பது முதலில் முடிவாக வேண்டும். மரம் அதற்கு மேல் போர்த்துகிற சட்டைதான். அதிலும் கடையில் திரும்ப வாங்க முடியாத மரத்தை வைத்துக்கொண்டு பழகக் கூடாது. முதல் பெட்டியை அட்டையில் செய்யுங்கள், இரண்டாவதை மட்டமான பிளைவுட்டில் செய்யுங்கள். அப்புறம் கதவுக்கு வரலாம்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஆசாரி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், பழைய வீடுகளின் நிலைக்கதவுகளைக் கழற்றி மாட்டியே கை தேர்ந்தவர். கதவைக் கண்டதும் உள்ளங்கையால் நீளவாக்கில் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தி, "தம்பி, இதுக்குள்ள ஆணி ஒடஞ்சு கெடக்கு. மில்லுக்குக் கொண்டு போகாதீங்க, நான் கையிலயே இழைச்சுத் தர்றேன்" என்றார். கையால் இழைத்தால் கூடுதலாக ஒரு நாள் கூலி ஆகுமே என்று நான் அவருக்குத் தெரியாமல் மில்லுக்குத் தூக்கிப் போனேன். மூன்றாவது பலகையில் டங் என்று ஒரு சத்தம். பிளேடு போய்விட்டது. மில் கூலி 600, பிளேடுக்கு 850. பழைய மரம் வாங்குகிறவர்கள் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து, மெல்லிய துணியில் சுற்றி, பலகை மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் அந்த இடத்தில் லேசாக இழுக்கும். விரலில் நன்றாகத் தெரியும். நான் பிறகு அப்படிப் பார்த்ததில் ஒரே பலகையில் ஐந்து ஆணித் துண்டுகள் அகப்பட்டன. இழைக்கும்போது மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். தேக்குத் தூள் எனக்கு இரண்டு நாள் தும்மலும் கை முழுக்க அரிப்புமாக வைத்துச் செய்தது.

அடுத்தது அளவு. ஆசாரி அளப்பது இஞ்சிலும் நூலிலும். இஞ்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்று மேல். நான் கொண்டுபோன படம் முழுக்க மி.மீ. பின்பக்கத்தில் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாம் வெளியே தெரிகிற செவ்வகம் இருக்கிறதே, அதன் அளவு 158.75க்கு 44.45 மி.மீ. "என்ன தம்பி, புள்ளி வச்ச கணக்கு" என்றார். இஞ்சுக்கு மாற்றிப் பார்த்தால் ஆறு இஞ்சு ரெண்டு நூல், ஒரு இஞ்சு ஆறு நூல். பிசிறில்லாமல் முழு நூலில் விழுந்தது. எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். கார்டு செருகும் ஸ்லாட்டுகளுக்கு இடையேயான தூரம் மட்டும் அப்படி விழவில்லை. 20.32 மி.மீ. என்பது ஆறரை நூலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறரைக்கே வெட்டினோம். பின்பக்கப் பலகைக்கு நேராக, கோணாமல் இருந்தது கீறல் போட்ட அந்தப் பலகைதான். அதையே எடுத்தோம். மூன்று நாள் வேலை. உளி போன பாதை கண்ணாடி மாதிரி இருந்தது.

மதர்போர்டை வைத்து மானிட்டர் வயரைச் செருகினேன். உள்ளே போகவில்லை. இன்னும் அழுத்தினேன், அப்போதும் போகவில்லை. ஸ்லாட் அளவில் தப்பா என்று திரும்பத் திரும்ப அளந்து பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது, கனம்தான் தப்பு. பலகை ஏழு நூல் கனம், அதாவது 22 மி.மீ. கேபினெட்டின் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகடாக இருக்கும் என்று நினைத்துத்தான் மதர்போர்டையும், கார்டின் முனையில் இருக்கும் தகட்டையும் செய்கிறார்கள். மரத்தின் கனத்துக்குள் துளைகள் புதைந்துபோக, வயரின் பிளாஸ்டிக் பிடி மரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. கார்டை ஸ்க்ரூ போட்டு நிறுத்தவும் வழியில்லை. ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். நான் அந்தக் கீறல்களை எண்ணினேன். பதினொன்று இருந்தன. எங்கள் வெட்டில் நாலு போய்விட்டது. மூன்று நாள் கூலி 3,600 ரூபாய் வீணானதைவிட அந்த நாலு கீறல்தான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: பின்பக்கத்தையும் மதர்போர்டு தகட்டையும் மரத்தில் செய்யாதீர்கள். கையால் தகட்டில் வெட்டவும் முயலாதீர்கள். சர்வீஸ் கடைகளில் மூலையில் கிடக்கிற பழைய கேபினெட் ஒன்றை வாங்குங்கள். எனக்கு 500 ரூபாய்க்குக் கிடைத்தது. மதர்போர்டின் துளைகள் எங்கே வர வேண்டும் என்று 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுகள்தான் இன்றும் நடப்பில் இருக்கின்றன. ஆகவே கேபினெட் பதினைந்து வருடப் பழையதாக இருந்தாலும் புது போர்டு உட்காரும். ஒன்றே ஒன்று, பெரிய கம்பெனிகள் ரெடிமேடாக விற்ற டெஸ்க்டாப்பின் கேபினெட்டாக இருக்கக் கூடாது. அவற்றில் பல, தங்கள் போர்டுக்கென்று தனி அளவு வைத்திருப்பார்கள். தகடுகளைச் சேர்த்திருப்பது பாப் ரிவெட். ஒரு நூல் ட்ரில் பிட்டால் அதன் தலையைத் துளைத்தால் கழன்றுவிடும். பின்தகடும் மதர்போர்டு தகடும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிற அந்த எல் வடிவத்தைப் பிரிக்காமல் எடுங்கள், அதுதான் உங்களுக்கு வேண்டிய உயிர்நிலை. மற்ற தகடுகளைக் காயலான் கடைக்குப் போடலாம். தகட்டில் அறுக்கிற வேலை, துளைக்கிற வேலை எல்லாவற்றையும் வாசலில் வைத்து முடித்து, காந்தத்தால் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்த பிறகுதான் போர்டை அதன் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். மயிரிழை அளவு இரும்புத் துகள் போதும், ஷார்ட் ஆக.

பழைய தகட்டில், போர்டைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் பித்தளைக் கால்கள் முன்பே முடுக்கியிருக்கும். உங்கள் போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கிற கால்களைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை போர்டின் அடிப்பக்கத்தில் இடித்து ஷார்ட் செய்யும். அப்புறம், மதர்போர்டுக்குப் போடும் ஸ்க்ரூவும் எஸ்எஸ்டி டிஸ்க்குக்குப் போடும் ஸ்க்ரூவும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மரை வேறு. இறுகாவிட்டால் முறுக்காதீர்கள், மாற்றிப் பாருங்கள்.

இந்த அடிக்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்தேன். ஒரு பைசா செலவில்லை, அரை நாள் வேலை. அதிலேயே மூன்று சிக்கல் வெளியே வந்துவிட்டன. கார்டுக்குப் போகும் மின்சார பிளக் கார்டின் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு, மூடுகிற பலகையில் இடித்தது. அந்த வயர் வளைய இன்னும் இரண்டு விரற்கடை இடம் கேட்டது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிற தடித்த வயர்க் கற்றை, பெட்டி முடிந்த இடத்திலேயே வளைந்துவிடாது. அதற்கு முன்னால் குறைந்தது நாலு விரற்கடை வெறுமையாக விட வேண்டும். மூன்றாவது, கார்டின் நீளத்துக்கு இடம் விட்டவன் முன்னால் வரும் ஃபேனின் 25 மி.மீ. கனத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. காகிதத்தில் வரைந்த படத்தில் வயர்களுக்குக் கனமே கிடையாது. அட்டைக்குள் நிஜ சாமானை நிஜ வயரோடு உட்கார வைத்தால்தான் அது தெரியும்.

ஆவணி பிறந்துவிட்டது, வேலைகள் வரத் தொடங்கின. அவசர அவசரமாக எல்லாவற்றையும் கோர்த்தேன். பவர் பட்டனுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு பழைய பித்தளை ஸ்விட்ச் வாங்கியிருந்தேன். பீங்கான் அடிப்பகுதி, மேலே குமிழ் மாதிரி பித்தளை மூடி, சின்னக் கைப்பிடியைக் கீழே தள்ளினால் டக் என்று உட்காரும். தள்ளினேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, நாலு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. திரும்பத் தள்ளினேன், அதே கதைதான். இரும்புத் துகள்தான் எங்கோ விழுந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். எல்லாவற்றையும் கழற்றி, பிரஷ் போட்டுத் துடைத்து, மறுபடி கோர்த்து, மறுபடி நாலு நொடி. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கடனுக்கு வாங்கிய மெஷின் அது.

மறுநாள் மெஷினைப் போர்வையில் சுற்றி மதுரைக்கு பஸ் ஏறினேன். சர்வீஸ் செய்கிறவர் என் ஸ்விட்ச் வயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் அந்த வயர் செருகியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டார். மெஷின் ஓடியது. அணையவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயம் இதுதான்: கம்ப்யூட்டரின் பவர் பட்டன் வீட்டு லைட் ஸ்விட்ச் மாதிரி அல்ல. அழுத்தினால் தொட்டு, கையை எடுத்தால் விட்டுவிட வேண்டும். தொடர்ந்து நாலு நொடி தொட்டபடியே இருந்தால், 'வலுக்கட்டாயமாக நிறுத்து' என்று போர்டு எடுத்துக்கொள்ளும். என் பித்தளை ஸ்விட்ச் தள்ளின இடத்திலேயே நின்றது. போர்டு சொன்னபடி கேட்டது. பரிசோதனைக் கூலி 600, போக வர 400, ஒரு நாள் பொழுது. இப்போது அதே தெருவில் 250 ரூபாய்க்கு வாங்கிய பழைய காலிங் பெல் ஸ்விட்ச் போட்டிருக்கிறேன். காலிங் பெல்லும் அழுத்தி விடுகிற வகைதான், அருமையாக வேலை செய்கிறது. புது கேபினெட் ஓடவில்லை என்றால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் அந்த இரண்டு பின்களையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஓடினால் கோளாறு ஸ்விட்ச் பக்கம்தான்.

மெஷின் ஓடியது, சூடுதான் அடங்கவில்லை. முன்பக்கத்தில் கதவின் செதுக்கு வேலை இருந்த சட்டத்தை அப்படியே வைத்து, பூக்களுக்கு நடுவே சின்னச் சின்னத் துளைகள் போட்டிருந்தேன். மேல்பக்கத்தைத் திறந்து விட்டிருந்தேன். எங்கள் ஊர் வீடுகளில் முற்றம் வழியாகச் சூடு மேலே ஏறிப் போகிறதே, அதுபோலப் போய்விடும் என்ற நம்பிக்கை. போகவில்லை. பிராசஸர் 65 வாட், கார்டு 170 வாட் என்ற கணக்கில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு சூட்டைக் கொட்டும்போது, தானாக மேலே ஏறுகிற காற்று எதற்கும் காணாது. அந்த அளவில் காற்று எங்கே போக வேண்டும் என்று சொல்வது ஃபேன்தான். பிராசஸர் 90 டிகிரியைத் தொட்டு, அதுதான் அதன் எல்லை, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. 40 நிமிடத்தில் ரெண்டர் ஆகி முடிய வேண்டிய வீடியோ 46 நிமிடம் எடுத்தது. பத்து வீடியோவுக்கு ஒரு மணி நேரம். திறந்துவிட்ட மேல்பக்கம் வழியாக ஆடிக்காற்றின் மிச்சத் தூசி வேறு. ஒரு நாள் காலை எஸ்எம்பிஎஸ் மேலே பல்லி முட்டை இரண்டு.

உங்கள் கேபினெட் மூச்சு முட்டுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மெஷினுக்கு அரை மணி நேரம் கடுமையாக வேலை கொடுத்து டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு, அதே அறையில், அதே வேலையை இன்னொரு அரை மணி நேரம் கொடுங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் பரவாயில்லை. எனக்கு 14 டிகிரி இறங்கியது. செதுக்குச் சட்டத்தைக் கழற்றி மேல்பக்கத்துக்கு மூடியாக மாற்றினேன். முன்பக்கத்துக்கு, எங்கள் வீட்டுக் கம்பி சன்னல் மாதிரி, நெடுக்காக மரச் சட்டங்கள். ஒவ்வொன்றும் மூன்று நூல் அகலம், நடுவே மூன்று நூல் இடைவெளி. ஃபேனுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆறு நூல் தள்ளி வைத்தோம், ஒட்டி வைத்தால் விசில் மாதிரி சத்தம் வருகிறது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கின்றன, பின்னால் ஒன்று வெளியே தள்ளுகிறது. உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது, வலை வழியாக மட்டும்தான் வரும். ஃபேனின் திசை குழம்பினால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். 120 மி.மீ. ஃபேனின் ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே 105 மி.மீ.; வாங்குவதற்கு முன்பே மரத்தில் குறித்துவிடலாம். வலைக்குக் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகப் போடாதீர்கள். ஒரு மடிப்பு போதும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். இப்போது அதே வேலைக்கு 78 டிகிரி.

இனி சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். புரட்டாசியில் ஒரு மாலை அப்பத்தா மெஷினைப் பார்க்க வந்தார். தன் கதவு என்ன ஆயிற்று என்று பார்க்கிற ஆசை. மேலே நான் மாட்டியிருந்த பழைய பித்தளைக் கைப்பிடியைத் தொட்டவர், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "என்னப்பா, சுருக்குன்னு பிடிக்குது" என்றார். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லின் மேல் நின்றிருந்தார். எண்பத்து மூன்று வயது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைத் தொடும்போது அவ்வப்போது அந்தச் சுருக் எனக்கும் தெரிந்திருக்கிறது. பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வைத்தார், கைப்பிடியில் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டு வயரிங் தாத்தா காலத்தது, எர்த் கிடையாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கபாசிட்டர்கள் அதன் இரும்புக் கூட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கூட்டிலும், அதோடு சேர்ந்த எல்லா உலோகத்திலும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி வந்து நிற்கும். மின்னோட்டம் குறைவு என்பதால் சுருக் என்பதோடு போகிறது. உள்ளே ஏதாவது ஒன்று பழுதாகி முழு மின்சாரமும் கூட்டில் ஏறினால், அப்போது காப்பாற்ற எர்த் இல்லை. மரப் பெட்டிதானே, ஷாக் அடிக்காது என்று நினைக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: உள்ளே தகடு இருக்கிறது, ஸ்க்ரூ இருக்கிறது, அழகுக்கு நாம் மாட்டுகிற பித்தளையும் இருக்கிறது.

அன்றே மெஷினை நிறுத்தினேன். கொல்லையில் குழி தோண்டி, ஜிஐ குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம். 4,800 ரூபாய், மேலே சொன்ன கணக்கில் இதைச் சேர்க்கவில்லை, வீட்டுக்கான செலவு இது. கேபினெட்டுக்குள்ளும் ஒரு வேலை மிச்சமிருந்தது. கடையில் வாங்குகிற இரும்பு கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் தகட்டில் முடுக்கப்படுவதால் எல்லா உலோகமும் தானாக எர்த்தோடு சேர்ந்துவிடும். என்னுடையதில் எஸ்எம்பிஎஸ் மரத்தில் நின்றது. அதன் ஸ்க்ரூ ஒன்றிலிருந்து மதர்போர்டு தகட்டுக்கு, பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வளையம் வைத்த பச்சை வயர் ஒன்றை இழுத்து முடுக்கினோம். கைப்பிடியைக் கழற்றிவிட்டேன். மர வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடு என்றால் கண்டிப்பாக.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலாம் நாள் பக்கவாட்டுப் பலகை திறக்கவில்லை. நூறு வருடம் ஆன தேக்கு, இனி எங்கே அசையப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். மரத்துக்கு வயதானாலும் ஈரத்தை இழுப்பதும் விடுவதும் நிற்பதில்லை. நீளவாக்கில் அசைவது தெரியாது, அகலத்தில்தான் உப்பும், சுருங்கும். ஆசாரி முதலிலேயே, பலகை உட்காரச் சட்டத்தில் வெட்டும் பள்ளமான காடிக்குள் பலகைக்கு இடம் விட வேண்டும் என்று சொன்னார். இண்டு தெரியாமல் கச்சிதமாக வேண்டும் என்று அடம்பிடித்தது நான். வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு உள்பக்கத்தை விட்டதும் என் யோசனைதான். பாலிஷ் இல்லாத பக்கம் அதிகமாக ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளைந்திருந்தது. மழை ஓய்ந்து மரம் காயும்வரை காத்திருந்து, மார்கழியில் ஆசாரி வந்தார். பலகையின் ஓரத்தை இழைத்து, பசை போடாமல் காடிக்குள் மிதக்கிற மாதிரி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஸ்பிரிட் பாலிஷ் கொடுத்தார். சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் வெடித்திருக்கும் என்றார். பாலிஷ் வாடை முழுக்கப் போகிறவரை, ஒரு வாரம், மெஷினை உள்ளே வைக்கவில்லை.

ஏழு கீறல் மிச்சமிருந்த துண்டை முன்பக்கத்தில் அடிச்சட்டமாக வைத்திருக்கிறோம். மார்கழியில் பக்கவாட்டுப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே அளந்தபோது முக்கால் நூல் இடைவெளி இருந்தது. சித்திரை வெயிலில் போன வாரம் அளந்தேன். ஒன்றே கால் நூல்.